வினாவுக்கு எதிர்வினா: தரங்கம்பாடிக் கடிதங்களும் உரையாடல் இலக்கியமும்

எழுத்தாளரையும் கலைஞரையும் அணுகி, அவர்தம் கலையையும் காலத்தையும் பற்றி வினவி, அவர் கூறியவற்றை ஏட்டிற் பதிந்து நூலாக்கும் வழக்கம் செருமன் மொழியில் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துள்ளது. எக்கர்மான் என்பார் கோதேயுடன் நிகழ்த்திய உரையாடல்கள் 1836-இல் இரு பகுதிகளாகவும் 1848-இல் மூன்றாம் பகுதியாகவும் வெளிவந்தன. உலக இலக்கியம் என்னும் கருத்தைப் பற்றிக் கோதே கூறியனவற்றுள் இன்றும் பெரிதும் எடுத்தாளப்படுவது, 1827 சனவரித் திங்களில் சீனக் கதைநூல் ஒன்றைப் படித்ததன் தொடர்பாக அவர் எக்கர்மானிடம் உரைத்ததே. அந்நூலில் வினவுவோர் தம்மை இயன்றவரை மறைத்துக்கொள்கின்றார். விடை கூறுவோரின் பெயரே தலைப்பில் நிற்கின்றது. பண்பாடு, சமுதாயம் ஆகியன பற்றிய உரையாடல் என்ற அளவில் கற்றோர் உள்ளத்தில் எழும் வடிவம் இதுவே.

இவ்வடிவம் தோன்றுதற்கு நூறாண்டுகளுக்கு மேலாக முன்னரே, தமிழகத்தின் சோழமண்டலக் கரையில், செருமன் மொழி எழுத்தாளர் இருவர் தமிழரோடு நெடியதோர் உரையாடல் நிகழ்த்தினர். ஆங்கே முறை தலைமாறிக் கிடக்கின்றது. வினவியோர் பெயரை உலகம் அறியும். விடை கூறியோர் பெயரை அச்சிட்ட நூல் கூறவில்லை. வினவியோர் சொல் அவர்தம் மொழியிலேயே உள்ளது. விடை கூறியோர் சொல்லோ அவர் மொழியில் இல்லை. தமிழ் உரைநடை வரலாற்றினைக் கற்பிக்கும் நாம் இவ்வுரையாடலை எவ்வாறு எண்ணி வந்துள்ளோம், இனி எவ்வாறு எண்ணுதல் தகும் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது.

பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706 சூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். டேனிய அரசன் அனுப்பிய சமயத் தொண்டராயினும் பிறப்பாற் செருமானியர். எழுதியவற்றுட் பெரும்பகுதி செருமன் மொழியிலேயே எழுதினார். சிறாரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்ற அவர், இரண்டே ஆண்டுகளில், 1708-இல், 119 தமிழ் நூல்களுக்கு விளக்க அட்டவணை ஒன்று வகுத்துவிட்டார். அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செருமன் மொழியில் ஆக்கினார். ஐரோப்பியர் தமிழரை நாகரிகமற்ற மாக்களாகக் கருதுகின்றனர் என்றும், தாமும் தமிழ் கற்பதற்கு முன் அவ்வாறே கருதியதுண்டு என்றும், நூல்களைக் கற்ற பின் அக்கருத்து மாறியது என்றும் அவர் மறையாது எழுதியுள்ளார். தம் பிழையை ஒப்புக்கொள்ளும் இவ்வுள்ளம் அந்நாளைய கடல்கடந்த வருகையாளரிடைக் காண்டற்கு அரியது. இதனை முதற்கண் கூறிவிடுதல் முறை. பின்னர் யாம் கூறப்போவன அவர் பெருமையைக் குறைத்தற்கு எழுந்தன அல்ல.

சீகன்பால்கும் அவர்தம் உடன்பணியாளரான யோவான் எர்ன்சுட்டு கிருண்டலரும் 1712 முதல் 1714 வரை தமிழ் கற்றோர்க்குப் பல வினாக்களை எழுதி விடுத்தனர். கடவுளர், மறுபிறப்பு, பள்ளிகள், மருத்துவம், கிறித்தவ சமயம் பற்றித் தமிழர் கொண்ட எண்ணம் என வினாக்கள் பலதிறத்தன. விடைகள் தமிழில் வந்தன. அவற்றைச் செருமன் மொழியிற் பெயர்த்து ஹாலே நகர்க்கு அனுப்ப, அவை அங்கு வெளிவந்துகொண்டிருந்த சமயப்பணி அறிக்கைகளில் 1714-இலும் 1717-இலும் இரு தொகுதியாக அச்சேறின. கடிதங்கள் மொத்தம் 99. ‘மலபார்க் கடிதப் போக்குவரத்து’ என்னும் பெயரால் ஆய்வாளர் அவற்றைக் குறிப்பர். மலபார் என்பது ஈண்டுச் சேரநாட்டைக் குறித்ததன்று. அந்நாளைய ஐரோப்பியர் தமிழர்க்கு இட்ட பெயர். அவற்றுட் சில கடிதங்கள் 1717-இலேயே இலண்டனில் பிலிப்சு என்பாரால் ஆங்கிலமாகவும் வெளிவந்தன. கூர்ட் லீபாவு 1998-இல் செருமன் மூலத்தை மீண்டும் பதிப்பித்தார். தமிழ் மூலங்கள் கிடைத்தில.

இக்கடிதங்களை இதுவரை ஆராய்ந்தோர் பெரும்பாலும் சமய வரலாற்றாசிரியரே. அவர்க்கு இவை செய்திக் களஞ்சியம்: இன்ன ஊரில் இன்ன வழிபாடு, இன்ன நோய்க்கு இன்ன மருந்து என்பன. தமிழ்த்துறையினராகிய நாமோ, ஓலை கிடைக்கவில்லை என்ற காரணத்தால் இவற்றைத் தொடாது விட்டோம். உரைநடை வரலாறு எழுதுவார் சீகன்பால்குவின் அச்சுப் பணியை ஒரு பத்தியிற் பாராட்டிவிட்டு, வீரமாமுனிவரின் உரைநடைக்குச் சென்றுவிடுகின்றனர். தரங்கம்பாடியில் அமர்ந்து எழுத்தாணி பிடித்துச் சமுதாயத்தைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் காரணகாரியத்தோடு எழுதிய தமிழர்க்கு அவ்வரலாற்றில் ஒரு வரியும் இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736-இல் தொடங்குகின்றது. இக்கடிதங்கள் அதற்கு இருபத்துநான்கு ஆண்டு முற்பட்டவை என்பதையேனும் நம் மாணவர் அறிதல் வேண்டும்.

இனி, வேற்றுமொழியில் மட்டும் எஞ்சிய உரையாடலை எக்கருவி கொண்டு திறனாய்வது? சொல்லழகும் தொடரமைதியும் மொழிபெயர்ப்பில் அழிந்துபோவன. ஆயின் வினாவுக்கும் விடைக்கும் இடையேயுள்ள உறவு அத்துணை எளிதில் அழிவதில்லை. அவ்வுறவை அளக்கும் கோல் நம் இலக்கணத்திலேயே உள்ளது. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வினாவையும் செப்பையும் வழுவாது காத்தல் வேண்டுமென விதித்து, ஒரு வினாவின் எதிரே மற்றொரு வினா வருமாயின் அதுவும் செப்பாகவே கொள்ளப்படும் என்றார். நன்னூலார் இதனை விரித்து வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்தார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரே இறுப்பன. ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் நேரே இறுக்காது விடைப்பொருளைப் பயப்பன. இவ்வூரிற் பள்ளி உண்டா என்பார்க்குக் கோயில் உண்டு என்றல் இனமொழி.

பள்ளி மாணவர் தேர்வுக்கு மனனம் செய்து மறந்துவிடும் இப்பகுப்பு, உண்மையில் உரையாடற் கலையின் திறவுகோல். நேர்விடை வினவுவோன் விரும்பிய பொருளை அவன் கையிற் கொடுக்கின்றது. அதன்கண் விடை கூறுவோனின் உள்ளம் வெளிப்பட வேண்டுவதில்லை. ஏனை ஐந்துமோ வினாவின் போக்கையே மாற்றுவன. அவற்றுள்ளும் வினாதல் என்பது வினவும் உரிமையையே திருப்பிக்கொள்வது. எனவே, மூலம் இழந்த ஓர் உரையாடலில் விடை கூறுவோனின் குரலைத் தேடுவார் முதலில் நோக்க வேண்டுவது எதிர்வினாக்களையே என்பது எம் கருத்து.

இக்கருத்து எமக்கு ஏட்டிலிருந்து தோன்றியதன்று. யாம் வாழும் சடையங்குப்பத்திற் கற்றது. எம் பிழையாற் கற்றது என்பதே பொருந்தும். மணலியை அடுத்துக் கொசத்தலையாற்றின் பக்கலில் உள்ள இவ்வூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. ஆலைகளுக்கும் ஆற்றுக்கும் கால்வாய்க்கும் நடுவே தாழ்ந்து கிடக்கும் நிலம். 2015 திசம்பர் வெள்ளத்தில் நீர் சூழ்ந்தது. அதன் பின்னும் மழை மிக்க ஆண்டுகளில் நீர் வருகின்றது. சில ஆண்டுகளுக்கு முன், செருமன் மொழி பேசும் ஓவியர் ஒருவர், ஆறுகள் கடலோடு கலக்கும் இடங்களை வரைந்து வருபவர், எண்ணூர்க் கழிமுகத்தை வரைய வந்தவிடத்து எம் ஊர்க்கும் வந்தார். ஊர்ப் பெரியவர் ஒருவரோடு பேச விரும்பினார். இருவர்க்கும் இடையே மொழிபெயர்ப்போராக யாம் அமர்ந்தோம்.

ஓவியர் வினவினார்: ஆண்டுதோறும் நீர் புகும் இவ்விடத்தை விட்டு நீங்கள் ஏன் போகவில்லை? பெரியவர் சற்றும் தாழ்க்காது, “தண்ணி எங்கள தேடி வந்துச்சா, நாங்க தண்ணிய தேடிப் போனமா?” என்றார். யாம் ஆங்கிலத்தில், வெள்ளம் தங்களைத் தேடி வந்தது என்று இவர் கூறுகின்றார் எனப் பெயர்த்தோம். பொருள் அதுதானே என்று எண்ணினோம். ஓவியர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். திங்கள் சில கழிந்த பின் அவர்தம் ஓவியக் காட்சியின் சிற்றேடு எமக்கு வந்தது. பெரியவர் உருவின் கீழே, வெள்ளம் எங்களைத் தேடி வந்தது என்னும் பொருள்பட ஒரு வரி செருமன் மொழியில் அச்சிடப்பட்டிருந்தது. அதனைப் பெரியவர்க்குக் காட்டிப் பொருளும் கூறினோம். அவர் படத்தை நெடுநேரம் நோக்கினார். மூக்குச் சரியாக வந்திருக்கிறது என்றார். பிறகு, “நான் கேட்டதுக்கு அவங்க இன்னா சொன்னாங்க, சார்?” என்றார்.

அவர் கேட்டதை யாம் அவரிடம் சொல்லவே இல்லை. இலக்கணம் கற்பித்து இருபது ஆண்டாகிய யாம், வினாதல் விடையை நேர்விடையாக்கிவிட்டோம். பெரியவர் தம் முறைக்கு ஒரு வினாவைத் தொடுத்து மறுமொழிக்குக் காத்திருந்தார். அயலார்க்கோ அது துயருற்றோன் ஒருவனின் கூற்றாகச் சென்று சேர்ந்தது. கூற்றுக்கு இரங்கலாம், வினாவுக்கு விடை கூறியாதல் வேண்டும். இவ்வேறுபாடு சிறிதன்று. எம் கண்முன், ஒரே அறையில், இருவரும் உயிரோடிருக்க இஃது நிகழுமாயின், ஓலையிலிருந்து தாளுக்கும் தரங்கம்பாடியிலிருந்து ஹாலேக்கும் சென்ற விடைகளில் எத்துணை வினாக்கள் கூற்றுகளாயின என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை.

இந்நோக்கோடு கடிதங்களை மீண்டும் படித்தால் ஓர் ஒழுங்கு புலனாகின்றது. சீகன்பால்குவின் வினாக்கள் எல்லாம் ஒரு தன்மைய அல்ல. பள்ளியிற் பிள்ளைகள் எவ்வாறு கற்கின்றனர், மருத்துவர் நோயை எவ்வாறு அறிகின்றனர் என்பன அறியா வினாக்கள். அவர்க்கு விடை தெரியாது, தெரிந்துகொள்ளவே கேட்கின்றார். இவற்றுக்குத் தமிழர் தந்த விடைகள் நேரியன, விரிந்தன, கேட்டதினும் மிகுதியாகக் கொடுப்பன. தம் கலையைப் பற்றி ஆர்வத்தோடு கேட்பார்க்குச் சொல்லுவதில் உள்ள மகிழ்ச்சி செருமன் மொழியின் ஊடேயும் தோன்றுகின்றது. ஆனால், கிறித்தவ சமயத்தைப் பற்றி என்ன எண்ணுகின்றீர், அதனை ஏன் ஏற்கவில்லை என்னும் வினாக்கள் வேறு இனத்தன. வடிவால் அவை அறியா வினா. உள்ளத்தால் அறி வினா. ஆசிரியன் மாணவனைக் கேட்பது போல, சரியான விடை இன்னதெனக் கேட்போன் முன்னரே கொண்டிருக்கின்றான்.

எழுதியோர் இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தனர் என்பதற்கு அவர்தம் விடைமுறையே சான்று. ஏன் ஏற்கவில்லை என்றவிடத்து அவர்கள் தம் சமயத்தை மட்டும் எடுத்துரைத்து நிற்கவில்லை. கேட்டோர் வாழ்வை நோக்கித் திரும்புகின்றனர். பொருளை எம் சொற்களிற் கூறின், உங்கள் நெறி நன்றாயிருக்கலாம். ஆனால் எங்கள் கண்முன் வாழும் கிறித்தவர் மாட்டிறைச்சி உண்கின்றனர், மது மாந்துகின்றனர், நீராடித் தூய்மை பேணுகின்றிலர். இவரைக் கண்டு அந்நெறியை விரும்புவது எங்ஙனம் என்பதாம். உலகனைத்தையும் படைத்த இறைவன் பல்வேறு மக்கள் பல்வேறு வகையிற் செய்யும் வழிபாட்டை ஏன் ஏற்றுக்கொள்ளமாட்டான் என்னும் கருத்தும் பலவிடத்து வருகின்றது. இவற்றை வாதம் என்று சமய வரலாற்றாசிரியர் வகைப்படுத்துவர். இலக்கணத்தார் கண்ணிற்கு இவை வினாதல் விடையும் இனமொழியும். எம்மைப் பற்றிக் கேட்டாய். உன்னைப் பற்றி நான் கேட்கின்றேன் என்பதே அவற்றின் உள்ளீடு. பண்பாடும் சமுதாயமும் பற்றிய உரையாடல் என்னும் பெயர்க்கு இக்கடிதங்கள் உரியவாவது இவ்விடத்தேதான். தமிழரைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய ஆராய்ச்சியின் உள்ளே, ஐரோப்பியரைப் பற்றித் தமிழர் எழுதிய ஆராய்ச்சி பொதிந்து கிடக்கின்றது.

குற்றம் ஒன்றும் கூறத்தான் வேண்டும். இவ்விடைகள் எல்லார் குரலும் அல்ல. எழுத்தாணி பிடிக்கத் தெரிந்தோர் குரலே இவை. தூய்மை, ஊன் என்று இவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒரு சாராரின் அளவுகோல். தரங்கம்பாடிக் கரையில் வலை இழுத்தவரும் வயலில் உழைத்தவரும் இதே வினாவுக்கு இதே விடை கூறியிருப்பர் எனக் கொள்ளுதற்கு இடமில்லை. தமிழர் விடை என்று யாம் இக்கட்டுரை நெடுகக் கூறுவது இவ்வெல்லைக்கு உட்பட்டதே.

எழுதியோர் எத்தனை பேர் என்பதிலும் ஐயம் உண்டு. சீகன்பால்குவின் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் போர்ச்சுகீசியம், டேனிய மொழி, டச்சு, செருமன் ஆகியவற்றை அறிந்தவர். பின்னர்த் தரங்கம்பாடியை விட்டு வெளியேற்றப்பட்டவர். கடிதங்களுட் பல அவர் எழுதியவையாதல் கூடும் என ஆய்வாளர் கருதுவர். அஃது உண்மையாயின், பலர் கூடிப் பேசிய மன்றமாக நாம் கற்பனை செய்வது ஒருவர் பல கோணத்தினின்று எழுதிய தொகுப்பாகிவிடும். சிலர் இதனால் கடிதங்களின் மதிப்புக் குறையும் என அஞ்சுகின்றனர். எமக்கு அவ்வச்சம் இல்லை. இரு மொழியாளர்க்கு இடையே நின்று, இருவர் உள்ளமும் அறிந்து, அதன் பயனாகத் துன்பமும் உற்ற ஒருவர், சமுதாயத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதிய உரைநடை என்றால், இலக்கிய வரலாற்றாசிரியனுக்கு அதனினும் பெரிய புதையல் யாது? சான்று உறுதிப்படும்வரை முடிவு கூறாதிருத்தல் நன்று.

கடிதங்களோடு ஒப்பிட்டு நோக்கற்குரியன சீகன்பால்குவின் நேருரையாடல்கள். ஊர்தோறும் சென்று அந்தணரோடும் பிறரோடும் நிகழ்த்திய வாதங்களை அவர் எழுதி அனுப்பினார். அவற்றுள் முப்பத்துநான்கு, பிலிப்சின் ஆங்கிலத்தில் 1719-இல் வெளிவந்தன. சீகன்பால்கு மறைந்ததும் அவ்வாண்டு பிப்ரவரியிலேதான். இவ்வுரையாடல்கள் படிக்கச் சுவையானவை. சாவடியும் மரநிழலும் கூட்டமும் கண்முன் தோன்றும். ஆயினும் உரையாடற் கலை என்ற அளவில் கடிதங்களினும் தாழ்ந்தவை என்றே யாம் மதிப்போம். காரணம் வெளிப்படை. பேச்சு முடிந்த பின் ஒருவர் தம் நினைவிலிருந்து இருவர் சொல்லையும் எழுதுகின்றார். எங்கே நிறுத்துவது என்பதும் அவர் கையில் உள்ளது. பலவற்றில் இறுதிச்சொல் அவரதாகவே அமைகின்றது. கடிதத்திலோ இறுதிவரி விடை கூறுவோனுடையது. அவன் எழுத்தாணியை வைத்த பின்னரே ஓலை மறுகைக்குச் செல்கின்றது. பெயர்ப்போர் சொல்லை மாற்றலாம். முடியும் இடத்தை மாற்றுதல் அத்துணை எளிதன்று.

மூன்றாவதாக, எம் வடசென்னைக்கு அணுக்கமான சான்று ஒன்றும் உண்டு. ஹாலேயிலிருந்து வந்த பெஞ்சமின் சூல்ட்சே 1726-இல் சென்னைக்கு வந்து 1743 வரை தங்கினார். சென்னைப் பட்டணத்து மக்களும் சுற்றியுள்ள சிற்றூர் மக்களும் தம்முள்ளும் ஐரோப்பியரோடும் நாள்தோறும் பேசும் முறையைக் காட்டுவதாகக் கூறும் முப்பது உரையாடல்களைக் கொண்ட அவர் நூல் 1750-இல் ஹாலேயில் வெளிவந்தது. முதலில் தெலுங்கில் எழுதப்பெற்றுப் பின் ஆங்கிலமாக்கப்பட்டது. மொழி கற்கப் புகுவார்க்கென அமைந்தது. கோட்டைக்கு வடக்கே கறுப்பர் பட்டணம் விரிந்து கிடந்த அந்நாளில் கடைத்தெருவிலும் வீட்டு வாயிலிலும் எழுந்த பேச்சின் சாயலை அறிய விரும்புவார்க்கு இதன் பயன் பெரிது. ஆயினும் பயிற்று நூலின் உரையாடலில் வினா, விடைக்கென்றே பிறக்கின்றது; சொற்றொடரைப் பழக்குதலே நோக்கம். ஆங்கே எதிர்வினா எழுந்தாலும் அஃதும் பாடத்தின் பகுதியே. மக்கள் வாழ்க்கைக்குச் சான்றாக இந்நூலை எடுத்தாளும் வரலாற்றாசிரியர் இதனை மறந்துவிடுகின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தால் கார்ல் கிரௌல் நம் கவனத்தை ஈர்க்கின்றார். 1849 முதல் 1853 வரை கிழக்கு நாடுகளிற் பயணம் செய்து தமிழகத்தையும் கண்டவர். திருக்குறளைச் செருமன் மொழியிலும் இலத்தீனிலும் பெயர்த்தவர். 1854-இல் அவர் தொடங்கிய தமிழ்நூல் வரிசையின் முகப்பில் வைத்தது கைவல்ய நவநீதத்தை. அதுவோ ஆசானும் மாணாக்கனும் வினவியும் விடுத்தும் செல்லும் நூல். தமிழரை வினவி விடை பெறுதலை விட்டு, தமிழர் தமக்குள் வினவிக்கொண்ட நூலைத் தேர்ந்தெடுத்தார் கிரௌல். இதனை அவர் எண்ணிச் செய்தாரோ யாம் அறியோம். ஆயினும் சீகன்பால்குவினின்று கிரௌல் வரையிலான செருமானியத் தமிழியலில் இஃது ஒரு திருப்பம். அதன் பின் நூலோடு உரையாடுவார் பெருகினர். ஆளோடு உரையாடுவார் குறைந்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் எழுத்தாளரும் ஓவியருமாகிய குந்தர் கிராசு 1986-87-இல் கல்கத்தாவில் தங்கி, 1988-இல் நாட்குறிப்பும் கவிதையும் கோட்டோவியங்களும் சேர்ந்த நூல் ஒன்றை வெளியிட்டார். அந்நூலில் கண் மிக விழித்திருக்கின்றது; செவி அத்துணை விழிப்பாக இல்லை என்பது எம் துணிபு. எம் ஊர்க்கு வந்த ஓவியரை யாம் குறை கூறாதது இதனாலேதான். அவர் கேட்கவே வந்தார். செவியை அடைத்தவர் யாம்.

மூலம் இல்லாத நூலுக்குத் தமிழிலக்கிய வரலாற்றில் இடம் தருவது முறையா என்பார் உளர். எம் துறையிலேயே மூத்த பேராசிரியர் ஒருவர் இவ்வினாவை எழுப்பினார். அவர்க்கு யாம் எதிர்வினாவே தொடுத்தோம்: வளையாபதி முழுமையாகக் கிடைத்ததா? குண்டலகேசி கிடைத்ததா? சில பாடல்களே எஞ்சிய அவற்றை ஐம்பெருங்காப்பியத்துள் வைத்து ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். தகடூர் யாத்திரையை மேற்கோளாலும் தொகை நூலாலும் அறிந்து போற்றுகின்றோம். அவையேனும் தமிழ்ச் சொல்லாய் எஞ்சின என்று அவர் மறுமொழி கூறினார். அஃது உண்மையே, அந்த அளவிற்கு எம் வாதம் மெலிவுடையது. செருமன் பெயர்ப்பை வைத்துக்கொண்டு அக்கடிதங்களின் நடை இன்னது, சொல்லாட்சி இன்னது என்று எழுதப் புகுவோமாயின் அது கற்பனையாகும். விடையமைதி, வாதமுறை, வினவிய துணிவு ஆகிய மூன்றை மட்டும் ஆராய்தற்கே இடமுண்டு. அவ்வளவில் நின்றாலும், 1712-இல் தமிழர் உரைநடையில் எவ்வாறு எண்ணினர் என்பதற்கு இத்துணைப் பெரிய தொகுதி வேறு யாண்டுளது?

பெயர் இல்லாமை ஒரு தடையன்று. பாடலை மட்டும் அறிந்து பாடினோர் பெயரை அறியாதவிடத்துச் சங்கத் தொகை செய்தோர் கலங்கவில்லை. பாட்டில் அமைந்த தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றும், ஓரேருழவனார் என்றும் வழங்கினர். சென்ற ஆண்டு முதுகலை வகுப்பில் இக்கடிதங்களுட் சிலவற்றை ஆங்கில வழிப் பயிற்றியபோது, மாணவர்களே இம்முறையைப் பின்பற்றி எழுதியோர்க்குப் பெயரிடத் தொடங்கினர். விளையாட்டாகத் தொடங்கியது, பிறகு பயனுடையதாயிற்று. பெயரிடுதற்கு ஒவ்வொரு கடிதத்திலும் விடை கூறுவோன் தனித்து நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்தாதல் வேண்டுமன்றோ? ஒரு மாணவி மட்டும் இதற்கு உடன்படவில்லை. உண்மைப் பெயர் ஒருநாள் கிடைக்கலாம். அதுவரை வெற்றிடமாகவே விடுதல்தான் நேர்மை என்றார். அவர் கூற்றிலும் பொருள் உண்டு. யாம் இன்னும் இருமனமாகவே உள்ளோம்.

செய்ய வேண்டிய பணி ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். 1717-இன் ஆங்கிலப் பெயர்ப்பையும் செருமன் பதிப்பையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, செருமனில் வினாவாக உள்ளது ஆங்கிலத்தில் கூற்றாக மாறியுள்ளதா, எங்கெங்கே மாறியுள்ளது என்று காணல் வேண்டும். ஒரு பெயர்ப்பிலிருந்து மற்றொரு பெயர்ப்புக்குச் செல்லும்போது நேரும் இழப்பை அளந்தால், ஓலையிலிருந்து முதற்பெயர்ப்புக்குச் சென்றபோது நேர்ந்திருக்கக்கூடிய இழப்பையும் ஒருவாறு உய்த்துணரலாம். இதற்குச் செருமன் மொழி அறிந்த தமிழ் மாணவர் வேண்டும். கனவு என இதனை ஒதுக்க வேண்டுவதில்லை. காஃப்காவின் புதினத்தை ஏ.வி. தனுஷ்கோடி செருமன் மூலத்தினின்று நேரே பெயர்த்த ‘விசாரணை’ 1992-இலேயே தமிழில் வந்துவிட்டது. எம் மாணவர் இருவர் செருமன் மொழி கற்கத் தொடங்கியுள்ளனர். அவர்களுள் ஒருவர் சடையங்குப்பத்தவர். ஓவியர்க்கு யாம் மீண்டும் எழுதிய மடலைச் செருமன் மொழியில் அவரே பெயர்த்தார். பெரியவர் கூறியதை இம்முறை வினாக்குறியோடு எழுதினார். பெரியவரிடமும் படித்துக் காட்டினார். “இப்ப சரி” என்றார் அவர்.